பதினெட்டு அலைகளில் ஒன்று

மூன்றரை மணிக்குப் பூங்காவனம் டேப்லெட்டை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்தாள், அது சரிந்தது, பின்னால் உப்பு ஜாடியையும் முட்டுக் கொடுத்தாள், நின்றது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மூக்குக் கண்ணாடி சாமி அலமாரியில் இருப்பது நினைவுக்கு வந்தது, எழுந்து போய் எடுத்து வந்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், ஒரு தடவை துடைத்தால் போதாதா, மூன்று தடவை துடைத்தாள், ஏனென்றால் துடைத்து முடித்துவிட்டால் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். பிரான்சில் அரங்கங்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள், பூட்டியதற்குப் பதிலாகப் போன வருடம் படம்பிடித்த பாலே ஆட்டத்தை இலவசமாக இரண்டு நாள் மட்டும் நெட்டில் விட்டிருந்தார்கள், அந்த இரண்டு நாள் இன்று சாயங்காலம் ஐந்தரைக்குப் புதுச்சேரிக் கணக்கில் முடிந்துவிடும், ஆட்டமோ ஒன்றே முக்கால் மணி நேரம். முந்தாநாள் ஐந்தரையிலிருந்து அவள் என்ன கிழித்தாள்? வடகம் போட்டாள், பித்தளைச் சாமான்களுக்குப் புளி போட்டாள், ஊரடங்கில் யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தும் வாசல் திரைச்சீலையைத் துவைத்தாள். பயம், வேறொன்றுமில்லை. மகள் அமுதா போனில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். “ம்மா, பதினெட்டுப் பேரு அலையா வருவோம். எல்லாருக்கும் ஒரே டிரெஸ்ஸு, ஒரே கொண்டை, மூஞ்சி கை கழுத்தெல்லாம் வெள்ளப் பவுடரு. நான் எதுன்னு சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி.” பூங்காவனம் சிரித்துக்கொண்டே, “கண்டுபிடிக்கலன்னா?” என்று கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “கண்டுபிடிக்கலன்னா நீ ஏப்ரல்ல நேர்ல வந்து உக்காந்திருந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.” அந்தச் சிரிப்பு சொல்லி முடிவதற்குள் நின்றுபோனது. ஐந்தே முக்காலுக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

திரை விலகியது. கடல் வேண்டுமென்றால் இங்கேயே நாலு தெரு தள்ளி இருக்கிறதே, அதை எதற்குத் துணியில் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று பூங்காவனத்துக்கு முதலிலேயே எரிச்சலாக வந்தது, பிறகு அந்தக் கடலையும் போலீஸ் தடுப்பு வைத்து மூடி இரண்டு மாதம் ஆகிறதே என்று நினைத்துக்கொண்டாள், சரி, துணிக் கடலாவது இருக்கட்டும். கலங்கரை விளக்கில் விளக்கேற்றும் ஒருவன், அவன்மேல் உயிரை வைத்திருக்கும் ஒருத்தி, அவன் எதையும் கவனிக்காமல் விளக்கையே துடைத்துக்கொண்டிருக்கிறான், கதை புரிந்துவிட்டது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலேயே எவ்வளவு சுளுவாகப் புரிகிறது. ஆட்டம் உறைந்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நெட்டுக்கு வந்த கேடு. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் என் வீட்டுக்கு எங்கே வரும், சுற்று, சுற்று, நீ சுற்றிக்கொண்டேயிரு, அதற்குள் ஐந்தரை ஆகட்டும். நின்றது. நின்றதும் அலைகள் வந்தன. இடப்பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, சாம்பலும் வெள்ளையுமான உடுப்பு முழங்காலுக்குக் கீழே தொங்க, கைகளைக் கோத்துக்கொண்டு, கால் விரல் நுனியில், சத்தமே இல்லாமல் வந்துகொண்டேயிருந்தார்கள். எண்ணினாள். பதினேழு. இன்னொரு தடவை எண்ணினாள். பத்தொன்பது. மகள் அந்தப் பதினேழிலும் இருக்கலாம் பத்தொன்பதிலும் இருக்கலாம், ஒரு முகமாவது நிற்கிறதா என்றால் இல்லை, ஒன்றைப் பிடிப்பதற்குள் அது போன இடத்தில் இன்னொன்று அதே கழுத்தோடு அதே மூக்கோடு வந்து நிற்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்று பூங்காவனம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

நடை. நடையை வைத்துப் பிடிக்கலாம். அமுதா சின்ன வயசில் இரண்டு பாதத்தையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்து நடப்பாள், ஓடினால் தன் காலே தன்னைத் தடுக்கி விழுவாள், அப்போது பிரான்சில் இருந்தார்கள், அந்த ஊர் டாக்டரம்மாதான் பாலே வகுப்பில் போடு, பாதம் வெளிப்பக்கம் திரும்பும் என்றாள், மருந்து மாதிரி நினைத்துத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது, மாத்திரை போல, குணமான பிறகு விட்டுவிடலாம் என்று. பூங்காவனத்தின் புருஷன் தனஞ்செயன் அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு பெரிய கடையில் காவலுக்கு இருந்தார், பூங்காவனம் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள், புதன்கிழமை மத்தியானம் வேலை முடித்து அந்த நீல உடுப்பைக்கூட மாற்றாமல் குழந்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வகுப்புக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. மற்ற அம்மாக்கள் அதன் முன்னால் முண்டியடித்து நிற்பார்கள், வாசனை போட்டுக்கொண்டு, குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு, இவள் மட்டும் வெளுப்பு மருந்து நாற்றத்தோடு நடைவழிப் பலகையில் குளிருக்குச் சூடேற்றும் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கவில்லை. ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாள்கூட அந்தச் சதுரத்தில் எட்டிப் பார்க்கவில்லை. காதால் கேட்டாள். பியானோ, சொல்லிக்கொடுக்கும் மதாமின் கைத்தடி தரையில் தட்டும் சத்தம், பிறகு அத்தனை பிள்ளைகளும் குதித்து இறங்கும் சத்தம், தொப்பென்று, அதில் ஒரு ஜோடிக் கால் மட்டும் ஒரு இம்மி தாமதமாக இறங்கும், அது நம்முடையது என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் காதைத் தீட்டிப் பார்த்தாள், வயலின் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது, போதாததற்கு உள் அறையிலிருந்து தனஞ்செயன் குறட்டை. கால் என்றாலே அவளுக்கு ஒரு கண்டிப்பு. பேப்பரை மிதிக்காதே, விளக்குமாற்றைத் தாண்டாதே, பெரியவர்கள் எதிரில் காலை நீட்டாதே, யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடு. சமையலறையில் இருந்தபடியே கத்துவாள், தொட்டுக் கும்பிட்டியா? குழந்தை தூங்கும் அப்பனைத் தாண்டினாலும் தொட்டுக் கும்பிடும், பூனை வாலை மிதித்தாலும் தொட்டுக் கும்பிடும். ஒருநாள் ரயிலில் எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி மேல் கால் பட்டுவிட்டது, ஆறு வயசுக்காரி சட்டென்று குனிந்து அந்த அம்மாளின் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது, கிழவி திருட்டுப் பிள்ளையோ என்று பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள், பூங்காவனத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டு வயசில் அதுவும் நின்றுபோனது. “இங்க யாரும் அப்படிச் செய்யறதில்லம்மா, எல்லாரும் சிரிக்கறாங்க.” அன்றைக்குப் பூங்காவனம் அடுப்புப் பக்கம் திரும்பிப் பருப்பைத் தாளித்தாள்.

இதோ. இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது. அந்தக் கழுத்து, அந்தக் கழுத்து தன் அம்மா வீட்டுக் கழுத்து, பக்கவாட்டில் சாயும்போது காதுக்குக் கீழே ஒரு குழி விழுகிறது பார், அதேதான், அடி என் தங்கமே, எவ்வளவு உயரம் தூக்குகிறாள் காலை, தூக்கிவிட்டு எவ்வளவு மெல்ல இறக்குகிறாள், ஊற்றாமல் சிந்தாமல் பால் குடத்தை இறக்குவதுபோல, யாருக்கு வரும் இது, பக்கத்தில் இருப்பவள் நடுங்குகிறாள் இவள் நடுங்கவில்லை. பூங்காவனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் டேப்லெட்டின் மேல் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள், பத்து விரலும் படபடவென்று உடைந்தன, எத்தனை கண் பட்டிருக்குமோ, அத்தனை வெள்ளைக்காரக் கண்ணும் போகட்டும். காமிரா அந்தப் பெண்ணைத் தேடி வந்தது, வந்தது, முகம் திரை முழுக்க நிறைந்தது. கண் இரண்டும் நீலம். பச்சை நீலம். பூங்காவனம் வாயைத் திறந்தபடி இருந்தாள், பிறகு தனக்கே சிரிப்பு வந்தது, முறித்த நெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவா முடியும், போகட்டும், அதுவும் யாரோ பெற்ற பிள்ளை, அவளுக்கும் கண் பட்டிருக்கும். ஆனால் சிரிப்பு அடங்கியதும் மனசு கேள்வி கேட்டது. யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து என் மகள் என்று அழுதாயே. சுரந்ததே உனக்கு. அப்படியென்றால் உன் பாசம் யாரைப் பார்த்தாலும் சுரக்கிற பாசமா, அமுதா கேட்டது அதைத்தானே, நேரில் வந்திருந்தாலும் ஒன்றுதான் என்று.

ஒன்பது வருடம் ஆகிறது. அமுதாவுக்குப் பதினேழு அப்போது. வேறொரு ஊரில் நடனக் குழுவோடு சேர்ந்த பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, பரீட்சை கிரீட்சை எல்லாம் அப்புறம் என்று சமையலறை முக்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பெருவிரலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டே சொன்னாள். அந்தக் கால். நகம் கறுத்து, தோல் உரிந்து, ரத்தம் கட்டி, வயல் வேலைக்குப் போகிறவர்கள் காலுக்குக்கூட அப்படி ஆகாது. பார்க்கப் பொறுக்காமல்தான் பூங்காவனம் சொன்னாள், பாவி வாய், பொறுக்கவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா, வலிக்கிறதா என்று கேட்டிருக்கக் கூடாதா, வேறு என்னவோ வந்தது: “காலத் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டிப் பொழைக்கற பொழப்பு. அந்தக் கால நான் பாக்க மாட்டேன்.” அமுதா சுற்றிக்கொண்டிருந்த பிளாஸ்திரியைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டிவிட்டு, காலை முக்காலியிலிருந்து இறக்கி, சாக்ஸ் போட்டு மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் சாக்ஸ் இல்லாமல் இருந்து பூங்காவனம் பார்க்கவில்லை. வீம்பு என்றால் இவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மகள் ஒவ்வொரு வருடமும் ஒரு உறையில் தன் ஆட்டத்துக்கு டிக்கெட் அனுப்புவாள், இவர்கள் புதுச்சேரிக்கு வீடு திரும்பிய பிறகும் அனுப்புவாள், எங்கேயிருந்து எங்கே வருவது என்று தெரிந்தும் அனுப்புவாள், பூங்காவனம் உறையைக் கிழிக்காமல் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைப்பாள். தனஞ்செயன் ஒரே ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தாள் என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, பாதியில் தூங்கிவிட்டார் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. போன வருடம் உறை வரவில்லை. நவம்பர் போனது, டிசம்பர் போனது, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினாள், பாங்குக் கடிதம் வந்தது, யாரோ கல்யாணப் பத்திரிகை வந்தது, உறை வரவில்லை. வராத அந்த உறைதான் அவளை உலுக்கியது. ஜனவரியில் தானே விமானத்துக்குப் பதிவு செய்யச் சொன்னாள், ஏப்ரல் மூன்று, புருஷன் முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது. மார்ச்சில் உலகத்தையே பூட்டிவிட்டார்கள். அவள் ஒன்பது வருடம் பூட்டி வைத்திருந்ததைத் திறக்கிற நேரம் பார்த்து.

“பூங்கா, டீ கெடைக்குமா?” என்று தனஞ்செயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. “கொஞ்சம் இருங்களேன், எழுந்தா போயிடும்.” அவர் குனிந்து திரையைப் பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் விரலை நீட்டினார். “இதோ இருக்குதே நம்ம புள்ள, நடுவுல, கொண்டை பெருசா.” “அது கதாநாயகிங்க. அது விளக்குக்காரன் மேல ஆச வெச்சவ.” “அப்படியா? நம்ம புள்ள கதாநாயகி இல்லியா?” “அலை.” “அலையா?” “அலதான். போய் டீயப் போட்டுக் குடிங்க, எனக்கும் கொண்டாங்க.” அவர் போனார், பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது, சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்பார், கேட்டால் பதில் சொல்லக் கூடாது. இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. பொய் சொல்லிவிடலாமா? பார்த்தேன்டி, ரொம்ப அழகா இருந்தே என்று சொல்லிவிட்டால்? எங்கே நின்றேன் என்பாள். இரண்டாம் வரிசை என்று குருட்டாம்போக்கில் சொல்லலாம், பட்டால் பட்டது. படாவிட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், சாக்ஸ் போட்டுக்கொண்ட மாதிரி ஏதாவது ஒன்றை இழுத்து மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். அதுதான் பயம். இந்தப் பவுடரைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக. என் பிள்ளையின் நிறத்தை அழித்து, கையை அழித்து, கழுத்தை அழித்து, பதினெட்டில் ஒன்றாக்கி வைத்திருக்கிறான். நான் ஐந்து வருடம் வெளுத்தது ஆஸ்பத்திரித் துணியை, இவர்கள் என் பெண்ணை வெளுத்துவிட்டார்கள். இல்லை, இல்லை, பவுடர்மேல் பழியைப் போடாதே பூங்காவனம். பவுடர் இல்லாதபோது மட்டும் பார்த்தாயா? கண்ணாடிச் சதுரத்தில் அவள் கறுப்பாகத்தானே இருந்தாள், எட்டிப் பார்த்தாயா? பார்த்திருந்தால் இப்போது தெரியும். பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும். வட்டம் மறுபடி சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது, அவள் டேப்லெட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், வெட்கமில்லாமல்.

வந்தது. கதாநாயகி கடலில் இறங்கிவிட்டாள், விளக்குக்காரனுக்கு இப்போதுதான் புத்தி வந்து கரையில் நின்று கையை நீட்டுகிறான், எல்லா ஊரிலும் ஆண்பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் புத்தி வருகிறது. அவளைச் சுற்றி அலைகள் மூன்று வரிசையாக முட்டியிட்டன, எல்லாரும் ஒரே நேரத்தில் முன்பக்கம் கவிழ்ந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, மெல்ல மெல்ல உயர்த்தினார்கள், பதினெட்டுக் கால், காற்று பட்ட நாணல் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்ததுபோல. காமிரா கதாநாயகியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பூங்காவனம் கதாநாயகியைப் பார்க்கவில்லை. அழுதால் அழட்டும், அவளைப் பெற்றவள் பார்த்துக்கொள்வாள். திரையின் வலது ஓரத்தில், எல்லாருக்கும் பின்னால், மங்கலாகத் தெரிந்த கடைசி வரிசையை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்த்திய கால்கள் பக்கவாட்டில் சுழன்று இறங்கின. ஓரத்திலிருந்து இரண்டாவது அலையின் கால் இறங்கும்போது பக்கத்து அலையின் தோளில் பட்டது. பட்டதா? பட்டது. இப்போது எல்லாக் கையும் வானத்தைப் பார்த்து எழ வேண்டும், எழுந்தன, பதினேழு வலக் கைகள் எழுந்தன, அந்த ஒரு கை மட்டும் எழவில்லை. அது பக்கவாட்டில் போனது. விரல் நுனியால் பக்கத்துப் பெண்ணின் தோளைத் தொட்டது. தொட்ட விரல் அவள் கண்ணுக்கு வந்தது, வலது கண், இடது கண், ஒற்றிக்கொண்டது, பிறகுதான் மற்ற கைகளைத் துரத்திக்கொண்டு மேலே போனது, ஒரு இம்மி தாமதமாக.

பூங்காவனம் எழுந்து நின்றுவிட்டாள், நாற்காலி பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தது. கண் பொய் சொல்கிறதா, ஆசை கண்ணைக் கட்டுகிறதா, முன்னே ஒருத்தியைப் பார்த்து இப்படித்தானே, நீலக் கண், வேண்டாம், நம்பாதே, இன்னொரு தடவை பார். எப்படிப் பார்ப்பது? அமுதா சொல்லிக்கொடுத்திருந்தாள், திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் பத்து விநாடி பின்னால் போகும் என்று, தட்டுகிறேன் பேர்வழி என்று மொத்தத்தையும் மூடித் தொலைத்துவிட்டால்? ஐந்தேகால் ஆகிவிட்டது. விரலை நீட்டினாள், மடக்கினாள், நீட்டினாள், தட்டினாள், தட்டினாள். பின்னால் போனது. கால் இறங்குகிறது, படுகிறது, கை போகிறது, தொடுகிறது, கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. மறுபடி இரண்டு தட்டு. தொடுகிறது, ஒற்றிக்கொள்கிறது. அடியே. அடியே என் பிள்ளையே. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை வயலின் வாசிக்கிறது, கைத்தடி மதாம்கள் எத்தனை பேர் ஓரத்தில் நின்று எண்ணிக்கை எண்ணுகிறார்களோ, ஒரு கை பிசகினால் வேலை போகுமோ என்னவோ, அங்கே நின்று, பக்கத்துப் பெண்மேல் கால் பட்டுவிட்டது என்று தொட்டுக் கும்பிடுகிறாய். யார் சொன்னார்கள் உனக்கு? நான் சொன்னேன். சமையலறையிலிருந்து நான்தான் கத்தினேன். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று விட்டுவிட்டாயே, விடவில்லையா நீ, உன் கை விடவில்லையா? எவ்வளவு பவுடர் வேண்டுமானாலும் பூசுங்களடா, என் மகள் எங்கே இருந்தாலும் இரண்டு விரலை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வாள், அதை எந்தப் பவுடரும் மூடாது. சத்தம் போட்டே சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை, “ஏங்க, இங்க ஓடி வாங்க,” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தனஞ்செயன் டீ டம்ளரோடு பதறி ஓடி வந்தார். “யாருக்கு என்னாச்சு?” “கண்டுபிடிச்சிட்டேன். பாருங்க, பாருங்க.” இரண்டு தட்டு தட்டினாள், தேர்ந்த கை மாதிரி. அவர் பார்த்தார். முதலில் புரியவில்லை, மூன்றாவது தடவை புரிந்தது, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இருந்த பத்து நிமிஷமும் அவள் அந்த அலையை விடவில்லை. வரிசை மாறினாலும், சுழன்றாலும், மற்றவர்களுக்குப் பின்னால் மறைந்தாலும், இப்போது எல்லாம் தெரிந்தது, குதித்து இறங்கும்போது ஒரு இம்மி தாமதம், அது அதே தாமதம், நடைவழிப் பலகையில் கேட்ட தாமதம், எப்படி இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்தது என்றுதான் ஆச்சரியமாக இருந்தது. கதாநாயகி மூழ்கினாள், அலைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போயின, அவளுடைய இடது தோளைத் தாங்கிக்கொண்டு போனது அமுதா. ஐந்து இருபத்தெட்டுக்குத் திரை விழுந்தது.

ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. அமுதா அவளுடைய சின்ன அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தலையில் எண்ணெய் இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. வழக்கமான கேள்விகளெல்லாம் கேட்டாள், சாப்பிட்டியா, அப்பா மாத்திரை போட்டாரா, வெயில் எப்படி. பூங்காவனம் எல்லாவற்றுக்கும் ம் என்றாள். கடைசியில் அமுதா பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: “பாத்தியா?” “பாத்தேன்.” “கஷ்டம்மா, எங்களாலயே சில நேரம் கண்டுபிடிக்க முடியாது. பரவால்ல, விடு.” “கடைசி வரிசை. வலது ஓரத்துலேர்ந்து ரெண்டாவது.” அமுதா திரும்பிப் பார்த்தாள். “அப்பா சொன்னாரா?” “உங்கப்பாரு கதாநாயகியக் காட்டினாரு.” “அப்பறம் எப்படி? அங்க காமிராவே வராதே. மூஞ்சிகூடத் தெரியாதே.” “கடல்ல எறங்கற எடத்துல, கால கீழ எறக்கச் சொல்ல, பக்கத்துப் பொண்ணு தோள்ல உன் காலு பட்டுச்சு.” “கிளெமான்ஸா? ஆமா, அங்க எடம் பத்தாது, படும்.” “பட்டுச்சு. தொட்டுக் கும்பிட்ட.” “யாரு?” “நீதான்.” “நானா? மேடையிலயா?” “தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினே. பத்து தடவ பாத்தேன் நானு.” அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். படம் அப்படியே அசையாமல் இருந்தது, நெட்டு நின்றுவிட்டதோ என்று பூங்காவனம் பயந்து கண்ணாடியைச் சரிசெய்தாள், நிற்கவில்லை, விரலிடுக்கில் கண் மின்னுவது தெரிந்தது. “எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் அமுதா. “சத்தியமாத் தெரியாது. யாரும் சொல்லல. யாரும் பாக்கல.” “நான் பாத்தேன்,” என்றாள் பூங்காவனம். அதைச் சொன்னபோது அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. ஐயாயிரம் மைலுக்கு இப்பால், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, உலகத்தில் ஒருத்தரும் பார்க்காததை நான் பார்த்தேன்.

பிறகு அவள், “காலக் காட்டு,” என்றாள். “என்னாது?” “காலக் காட்டுடி. சாக்ஸக் கழட்டிட்டுக் காட்டு.” “ம்மா, வேணாம், அசிங்கமா இருக்கும், ரெண்டு மாசமா ரூமுக்குள்ளயே பழகி நகம் வேற பேந்திருக்குது.” “கழட்டு.” அமுதா கொஞ்சம் தயங்கினாள். திரை ஆடியது, கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, சாக்ஸ் உருவும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு பாதம் திரை முழுக்க வந்து நின்றது, அம்மாவின் முகத்துக்கு நேராக. கறுத்த நகம், காய்த்துப்போன விரல் மூட்டுகள், குதிகாலில் பிளாஸ்திரியின் பிசின் தடம், பாதம் வெளிப்பக்கமாக அழகாகத் திரும்பியிருந்தது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. பூங்காவனம் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தாள். கையை நீட்டி விரல் நுனியால் திரையில் அந்தப் பாதத்தைத் தொட்டாள், தொட்ட விரலை எடுத்து வலது கண்ணிலும் இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். “ஐயோ, அம்மா! என்னம்மா இது, நீ போயி என் காலத் தொட்டுக்கினு,” என்று அமுதா அங்கே அலறினாள், அலறலுக்கு நடுவிலேயே சிரித்தாள், பாதம் சிரிப்பில் குலுங்கியது. பூங்காவனம் அதைக் காதில் வாங்கவேயில்லை.

“அந்தக் காலையும் காட்டு,” என்றாள்.